மேற்படி மழை

தப்பு என் கடிதத்தில்தான் ஆரம்பித்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை. வெட்கப்பட வேண்டிய விஷயம் பின்னால் வருகிறது.

என் பெயர் ஞானதிரவியம். வயது ஐம்பத்திரண்டு. பாளையங்கோட்டையில் உள்ள தென்மண்டல மழைப் பங்கீட்டு நிலையத்தில் தரவு அலுவலர். மழை இப்போதெல்லாம் தன் இஷ்டத்துக்குப் பெய்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கடலிலிருந்து வரும் மேகங்களை ஆளில்லாத விமானங்கள் மறித்து, தள்ளிக்கொண்டு போய், சொன்ன இடத்தில் சொன்ன அளவு கொட்டவைக்கின்றன. நாங்கள் அவற்றைப் படகுகள் என்போம். எங்கே எவ்வளவு என்பதைப் படகுகளுக்குச் சொல்வது மழைக்கோப்பு. தென்மாவட்டங்களைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண். அந்த எண் அளவுக்கு மழை. அவ்வளவுதான் விஷயம். அந்தக் கோப்பைக் காவல் காப்பது என் வேலை.

ஆலடித்தேரி என்ற ஊரிலிருந்து ஐந்தாவது முறையாக மனு வந்திருந்தது. நாலு வருடமாக எங்கள் ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை, கோப்பைத் திருத்தித் தரவும் என்று. முதல் நாலு மனுக்களுக்கும் கம்ப்யூட்டரே ‘உங்கள் கட்டம் நிறைவாக உள்ளது’ என்று பதில் அனுப்பிவிட்டது. ஐந்தாவதுக்கு நான் கைப்பட எழுதினேன். எனக்குத் தமிழில் கலைச்சொல் போட்டு எழுதுவதில் ஒரு கர்வம் உண்டு. சாப்ட்வேர் ஆட்கள் ‘லைப்ரரி’ என்று சொல்வதை நான் ‘நூலகம்’ என்றுதான் எழுதுவேன்; ‘ஓவர்ரைட்’ என்பதை ‘மேலெழுது’ என்பேன்.

‘கோப்பில் பதிவான மதிப்பை நேரடியாக மாற்ற இயலாது. உரிய நூலகத்தின் வழியாக மட்டுமே அதனை மேலெழுத முடியும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.’

எழுதி, கையெழுத்துப் போட்டு, நல்ல தமிழ் எழுதிய திருப்தியில் ஒரு இளநீரும் குடித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். தோளில் ஒரு துணிப்பை, கையில் ஒரு காகித உறை.

“ஞானதிரவியம் சார் நீங்கதானா? நான் பிரம்மசக்தி. ஆலடித்தேரி கிளை நூலகத்துல நூலகர். நீங்க கேட்டதைக் கொண்டு வந்திருக்கேன்.”

“நான் என்னம்மா கேட்டேன்?”

அவள் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். நூலகத்தின் கடிதத் தாள். கீழே பளிச்சென்று ஊதா நிறத்தில் வட்ட முத்திரை. ‘ஆலடித்தேரி கிளை நூலக வாசகர் வட்டம், தங்கள் கடிதத்தின்படி, இந்த நூலகத்தின் வழியாக மேற்படி மழையை மேலெழுதித் தருமாறு கோரி ஒருமனதாகத் தீர்மானிக்கிறது.’ முப்பத்தேழு கையெழுத்து. மூன்று கைநாட்டு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டிருக்கலாம். அடக்கவில்லை.

“ஏம்மா, அது இந்த நூலகம் இல்ல. அது வேற நூலகம்.”

“மாவட்ட மைய நூலகமா? அங்க போயிட்டு வரவா?”

“கம்ப்யூட்டர் நூலகம். அதாவது, கோப்பைத் திறக்க, படிக்க, எழுத, எல்லாத்துக்கும் யாரோ எழுதி மூட்டை கட்டி வச்ச ப்ரோகிராம். நாம அதைக் கூப்பிட்டாத்தான் கோப்பு திறக்கும்.”

“சும்மா குடுப்பாவளா?”

“இலவசம்தான்.”

“யாரு வேணும்னாலும் எடுத்துக்கிடலாமா?”

“எடுக்கலாம்.”

“எடுத்தா திருப்பிக் குடுக்கணுமா?”

“வேண்டாம்.”

“அப்பம் அது நூலகமே இல்ல சார்” என்றாள் பிரம்மசக்தி. “எடுத்தா திருப்பிக் குடுக்கணும். தேதி தாண்டினா அபராதம். அதுக்குப் பேருதான் நூலகம்.”

சிரித்ததற்குச் சரியான அடி. ஐந்து பேருந்து மாறி வந்திருக்கிறாள் என்று அப்புறம்தான் தெரிந்தது. அவளை உட்காரவைத்து, என் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு இளநீரைச் சீவிக் கொடுத்தேன். எங்கள் ஊர் புளியடிவிளையில் எனக்குச் சின்னத் தோப்பு உண்டு. நாலைந்து வருடமாக அங்கே மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. எல்லாம் தன் ஜெபத்தின் பலன் என்று என் மனைவி சொல்வாள். மண்ணின் ராசி என்று நான் சொல்வேன். அலுவலகத்தில் என் இளநீரைக் குடிக்காத ஆள் கிடையாது.

“நல்ல இனிப்பு சார்” என்று ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். “நீங்க எங்க ஊருக் கட்டத்தை ஒரு தடவை திறந்து காட்டுங்க. பாத்துட்டுப் போயிருதேன். இன்னைக்கி அஞ்சு மணிக்குக் கோப்பை மூடிருவியளாமே.”

அது உண்மை. ஐப்பசி மழைக்கான கோப்புக்கு அன்று மாலை ஐந்து மணிக்கு முத்திரை வைக்க வேண்டும். வைத்துவிட்டால் அடுத்த வருடம்வரை யாரும் தொட முடியாது.

“அடுத்த வருஷம் பாத்துக்கலாமே?”

“அடுத்த வருஷம் ஊரு இருக்காது சார். இந்த மழையும் இல்லன்னா எல்லாரையும் கடற்கரை குடியிருப்புக்கு மாத்திருவோம்னு தாசில்தார் எழுதிக் குடுத்துட்டாவ. பாதி வீடு ஏற்கெனவே பூட்டிக் கெடக்கு.”

திறந்தேன். நூலகத்தைக் கூப்பிட்டு, அவள் சொல்லும் நூலகம் அல்ல, கோப்பைத் திறந்து, ஆலடித்தேரிக் கட்டத்துக்குப் போனேன். அங்கே இருந்த எண்: -9999.

“இது என்ன சார், கழித்தல் போட்டிருக்கு? மழையை எங்ககிட்டயிருந்து எடுக்காவளா?”

“இல்லம்மா. இது எண்ணே இல்ல. ‘இங்கே மதிப்பு கிடையாது’ன்னு ஒரு அடையாளம். கடல், பெரிய நீர்நிலை மாதிரி இடத்துக்குப் போடுவாங்க. தண்ணிமேல மழையைக் கொட்டி என்ன பிரயோசனம்? படகு இதைப் பார்த்தா தாண்டிப் போயிரும்.”

“எங்க ஊரு கடலா?”

அவள் கேட்ட பிறகுதான் நான் பழைய வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். ஐந்து மனு வந்தும் பார்க்காத ஆள், அப்போதுதான் பார்த்தேன். ஆலடித்தேரிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய குளம். வரைபடத்தில் கட்டத்தின் முக்கால்வாசி நீலம். யாரோ ஒரு மழைக்காலத்தில், குளம் நிரம்பித் தளும்பிய நாளில் எடுத்த படம். கட்டத்தைப் பார்த்த ப்ரோகிராம் தண்ணீர் என்று முடிவு கட்டிவிட்டது.

“குளம் நெறைஞ்சிருக்குன்னு எழுதியிருக்கு” என்றேன் மெல்ல. “அதனாலதான் மழை இல்ல.”

“மழை இல்லாமத்தான் சார் குளம் காஞ்சு கெடக்கு. பிள்ளையெல்லாம் அதுக்குள்ள கிரிக்கெட் விளையாடுது.”

ஜோசியக்காரன் கட்டம் சரியில்லை என்று சொன்னால் பரிகாரமாவது சொல்வான். நான் நாலு வருடம் ‘உங்கள் கட்டம் நிறைவாக உள்ளது’ என்று சொல்லியிருக்கிறேன். அவளைக் கூட்டிக்கொண்டு இயக்குநர் மரகதவல்லியின் அறைக்குப் போனேன்.

மரகதவல்லி மேடம் கெட்டவர் இல்லை. சட்டப்புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்கும் ரகம். முழுவதும் கேட்டுவிட்டு, “நீர்நிலைன்னு பதிவான கட்டத்தை மாத்தணும்னா மழை அளவு ஆதாரம் வேணும். தினசரி அளவு. நாலு வருஷத்துக்கு. ஜெராக்ஸ் செல்லாது, அசல் வேணும்” என்றார்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நான் நினைத்தேன். அரசாங்கமே அந்த ஊரில் மழைமானி வைக்கவில்லை.

பிரம்மசக்தி துணிப்பையைத் திறந்து, மொத்தையாக மூன்று பதிவேடுகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“நூலகத்து வருகைப் பதிவேடு மேடம். எங்க ஊருல மொட்டை மாடி இருக்கது நூலகத்துக்கு மட்டுந்தான். அதுல ஒரு பழைய மழைமானி உண்டு. நான் வேலைக்கு வந்து ஆறு வருஷம். தினமும் காலையில எட்டரை மணிக்கு ஏறிப் பாத்து எழுதிருவேன். வெள்ளிக்கிழமை நூலகம் லீவு, அன்னைக்கும் ஏறுவேன். இன்னைக்கி மட்டும் எங்க அம்மையை ஏறச் சொல்லிட்டு வந்திருக்கேன்.”

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. வாசகர் 14, மழை 22. வாசகர் 9, மழை 3. முதல் இரண்டு வருடம் இப்படி ஓடியது. அப்புறம் எங்கள் நிலையம் திறந்த தேதி. அதன்பிறகு வாசகர் 11, மழை 0. வாசகர் 8, மழை 0. வாசகர் 6, மழை 0. பக்கம் பக்கமாக அதே பூஜ்யம், ஒவ்வொன்றும் பேனாவால் சுழித்து நிதானமாகப் போட்டது. நான் எண்ணவில்லை. நாலு வருடம் என்றால் ஆயிரத்து நானூற்று அறுபத்தொன்று இருக்க வேண்டும்.

மேடம் சாப்பாட்டு நேரம் தாண்டியும் மூன்றையும் வரி வரியாகப் புரட்டிப் பார்த்தார். “எல்லாம் பூஜ்யமாவே இருக்கு. எங்க கோப்புலயும் மழை இல்ல, உங்க பதிவேட்டுலயும் மழை இல்ல. இதை வச்சு நான் என்ன மாத்தறது?”

“ரெண்டும் ஒண்ணு இல்ல மேடம்” என்றாள் பிரம்மசக்தி. முதல் தடவையாக அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. “நீங்க போட்டிருக்கது பாக்காம எழுதினது. இது மாடிக்கு ஏறிப் பாத்து எழுதின பூஜ்யம். ஒவ்வொரு நாளும் இன்னைக்கி இருக்கும்னு நெனைச்சுத்தான் ஏறுனேன்.”

இருபத்தைந்து வருடம் தரவோடு குப்பை கொட்டியிருக்கிறேன். பூஜ்யத்துக்கும் வெறுமைக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். “நானூற்றிப் பத்து மில்லிமீட்டர். மத்த ஊருக்கு உள்ளதுதான். மேலெழுதுங்க ஞானதிரவியம்” என்றார்.

மணி மூன்றரை. என் இருக்கைக்கு வந்து, கோப்பைத் திறந்து, மதிப்புகளை வரிசையாக எடுத்து, ஆலடித்தேரி இடத்தில் -9999-ஐ அடித்து 410 என்று போட்டேன். சரிபார்க்க அச்சிட்டேன். திரையில் 410.

“முடிஞ்சுது!” என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஊருக்குப் போன் போட்டாள். “யம்மா, மாத்தியாச்சு! நானூத்திப் பத்து! எல்லாருகிட்டயும் சொல்லு!” போனிலிருந்து ஒரே இரைச்சல். யாரோ தீபாவளிக்கு வைத்திருந்த சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். அந்தச் சத்தம் எங்கள் கூடம் முழுவதும் கேட்டது. பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்து கைகொடுத்தார்கள். நான் இன்னொரு இளநீரைச் சீவினேன்.

நாலு நாற்பதுக்கு, முத்திரை வைப்பதற்குமுன் வழக்கமாகப் பார்க்கும் கடைசிப் பார்வையாகக் கோப்பை மறுபடி திறந்தேன். ஆலடித்தேரி: -9999.

மறுபடி மூடித் திறந்தேன். -9999. எனக்கு வேர்த்துவிட்டது.

“என்ன சார்?” என்றாள். அவள் காதில் இன்னும் போன். உள்ளே இன்னும் வெடிச் சத்தம்.

“மாறலை. நான் மாத்துனேன். நீயும் பார்த்தேல்லா? திரையில வந்துச்சு. ஆனா கோப்புல மாறலை.”

அவள் போனைச் சேலைத் தலைப்பால் மூடினாள். “பதறாதீய சார். நீங்க என்ன செஞ்சீய, வரிசையாச் சொல்லுங்க.”

“கோப்பைத் திறந்தேன். அதுல உள்ள எண்ணையெல்லாம் வெளிய எடுத்தேன். எடுத்ததுல திருத்துனேன்.”

“எடுத்ததும் கோப்புல எண்ணு இல்லாமப் போயிருமா?”

“அது எப்படிப் போகும்? அங்கயும் இருக்கும், இங்கயும் இருக்கும்.”

“அப்பம் நீங்க எடுத்தது நகல்லா?” என்றாள். “நகல்ல திருத்துனா அசல் எப்படி சார் மாறும்? எங்க நூலகத்துல ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போயி அதுல அடிக்கோடு போடுறவிய எத்தனை பேரு. புஸ்தகம் அப்படியேதான் இருக்கும்.”

நெற்றியில் அறைந்துகொண்டேன். முதல் வருடம் படிக்கும் பையன் செய்யும் தப்பு. சந்தோஷ அவசரத்தில், வெளியே எடுத்த பிரதியில் எழுதிவிட்டு, கோப்பில் எழுதியதாக ஊர்வலம் விட்டிருக்கிறேன். அசல் அசலாகவே உட்கார்ந்திருந்தது. மணி நாலு நாற்பத்தாறு. கோப்பை எழுதும் அனுமதியோடு மறுபடி திறந்து, இந்தத் தடவை அந்த இடத்திலேயே நேராக 410 என்று எழுதினேன்.

கோப்பு ஏற்கவில்லை. ‘மொத்த மழை மிகுகிறது’ என்றது.

அது நியாயம்தான். மேகம் அளவுதான் மழை. ஒரு கட்டத்துக்கு நானூற்றுப் பத்து கூட்டினால் வேறு எங்கோ நானூற்றுப் பத்து குறைய வேண்டும். யாருடைய மழையை எடுப்பது? எந்த ஊர்க்காரன் முகத்தை நினைத்துக்கொண்டு அந்த எண்ணைக் குறைப்பேன்? விரல் பொத்தான்மேல் அப்படியே நின்றது.

பிறகு யோசனை வந்தது. இந்த நாலு வருடமும் ஆலடித்தேரியின் பங்கு என்ன ஆனது? ஆகாயத்தில் தொங்கிக்கொண்டிருக்காதே. விதியைத் தேடினேன். ஒரே ஒரு வரி: மதிப்பில்லாத கட்டத்தின் பங்கை அதன் கிழக்குக் கட்டத்தோடு சேர்க்கவும். கிழக்கே ஒரு கட்டம் நகர்ந்து பார்த்தேன். எல்லா ஊருக்கும் 410 இருக்க, அங்கே 820.

ஊர்: புளியடிவிளை.

இடையில் செம்மணல் மேடு கிடப்பதால் இரண்டும் அக்கம்பக்கம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மண்ணின் ராசி என்றேனே. ஜெபம் என்றாளே. என் மேஜைக்கு அடியில் சீவிய இளநீர்க் கோம்பைகள் இரண்டு கிடந்தன. மணி நாலு ஐம்பத்திரண்டு. 820-ஐ அடித்து 410 என்று எழுதினேன். அசலில். ஆலடித்தேரியிலும் 410. கோப்பு ஏற்றுக்கொண்டது. மூன்று தடவை மூடித் திறந்து பார்த்தேன். மூன்று தடவையும் அவளையும் பார்க்கச் சொன்னேன். ஐந்துக்கு முத்திரை விழுந்தது.

“யாரு பங்கை சார் குறைச்சீய? பாவம், யாரு ஊரோ” என்றாள் கிளம்பும்போது.

“அவனுக்கு அதிகமா இருந்துச்சும்மா” என்றேன். அதற்குமேல் சொல்ல வாய் வரவில்லை. வெட்கப்பட வேண்டிய விஷயம் என்றேனே, அது இதுதான்.

வீட்டில் போய் மனைவியிடம் சொன்னேன். ஜெபரத்தினம் சமையலறையில் அப்படியே நின்றுவிட்டாள். “அப்பம் நான் நாலு வருஷமா ஊரான் மழைக்கா ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டு இருந்தேன்?” என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “மழை விழுற அன்னைக்கி நேருல போயி அந்தப் பிள்ளைட்ட சொல்லிரணும்” என்றாள்.

ஐப்பசி நாலாம் தேதி, காலை ஆறரைக்கு ஆலடித்தேரியில் மழை என்று கோப்பில் இருந்தது. நானும் போனேன். ஐந்து பேருந்து. கடைசிப் பேருந்து ஊருக்குள் திரும்பும்போதே கண்ணாடியில் மழை அறைந்தது. ஊர் மொத்தமும் தெருவில் நின்றது. குடை பிடிக்க ஒருவருக்கும் மனசில்லை. பூட்டிக் கிடந்த வீடுகள் சிலவற்றின் வாசலில், திரும்பி வந்தவர்களின் பெட்டியும் படுக்கையும் இறங்கியிருந்தன. குளத்துக்குள் பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு, கணுக்கால் தண்ணீரில், ரன் ஓட முடியாமல் விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். செம்மணல் தேரி மேட்டிலிருந்து சிவப்பாக ஓடிவந்த தண்ணீர் என் செருப்பை அடித்துக்கொண்டு போனது. நான் துரத்தவில்லை.

பிரம்மசக்தி நூலகத்து மொட்டை மாடியிலிருந்து நனைந்து இறங்கி வந்தாள். சிரித்த முகம் சிரித்தபடியே இருந்தது.

“முப்பத்தெட்டு சார்! ரெண்டு மணி நேரத்துல முப்பத்தெட்டு மில்லிமீட்டர்! வாங்க, உள்ள வாங்க.”

பதிவேட்டைத் திறந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ‘மழை 38’ என்று எழுதினாள். எழுதியதை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் நின்றபடியே சொல்லிவிட்டேன். விதி, கிழக்குக் கட்டம், 820, புளியடிவிளை, தோப்பு, எல்லாம். “அன்னைக்கி நீ குடிச்ச இளநி இருக்கே, அது உங்க ஊரு மழைம்மா.”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

“அதான் அவ்வளவு இனிப்பா இருந்துச்சா!” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சட்டென்று முகத்தை நூலகர் முகமாக மாற்றிக்கொண்டாள். “எத்தனை வருஷம் வச்சிருந்தீய?”

“நாலு.”

“எடுத்தா திருப்பிக் குடுக்கணும். குடுத்திட்டீய. ஆனா தேதி தாண்டிட்டுல்லா சார்? அபராதம் உண்டு.”

“போடும்மா. எவ்வளவுன்னாலும் கட்டுதேன்.”

“வாசகர் ஒருத்தருக்கு ஒரு இளநி. சரியா?” என்று பதிவேட்டில் அன்றைய வரிக்கு விரலை நகர்த்தினாள். வாசகர் என்ற இடம் காலியாக இருந்தது. எழுந்து வாசலுக்குப் போனாள். தெருவில் மழைக்குள் நின்ற ஊரை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஒரு முகம் விடாமல் பார்த்தாள். அவள் வாசகர்கள் முப்பத்தேழு பேரும், கைநாட்டு வைத்த மூவரும் அங்கேதான் நனைந்துகொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்து, நிதானமாகச் சுழித்து எழுதினாள். வாசகர் 0.

“அப்பம் அபராதமும் பூஜ்யம்” என்றாள். “பாத்து எழுதினதுதான் சார்.”